கோச் ஸ்வோபோடா விழாமல் போன வரலாறு

அயோவா மாநிலத்தில் சோளம் விளைகிறது, பன்றி கொழுக்கிறது, குளிர்காலம் வந்தால் பையன்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த மூன்றும் எந்த நிர்வாகத்தின் அனுமதியும் இல்லாமல் வெகுகாலமாக நடந்துவருகின்றன என்பதை எங்கள் ஊர் ப்ரேரி மவுண்ட் கல்லூரி போன வருஷம்தான் கண்டுபிடித்தது.

நான் உள்ளூர் வானொலியில் காலையில் பன்றி விலை சொல்கிறவன். சாயங்காலம் மல்யுத்த வர்ணனையும் நானேதான். இரண்டிலும் பவுண்டுக் கணக்கு என்பதால் ஒரே ஆள் போதும் என்று நிலையம் முடிவு செய்திருக்கிறது. எங்கள் ஊரில் மல்லர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் கிடையாது. எடைதான் பெயர். "நூத்தி இருபத்தஞ்சு எப்படி இருக்கான்?" என்று கடையில் கேட்பார்கள். "அவன் தேவலை, இருநூத்தி எண்பத்தஞ்சுக்குத்தான் ஜலதோஷம்" என்று பதில் வரும்.

கல்லூரியில் புதிதாக ஒரு பதவி உண்டாக்கினார்கள்: தெரியவைக்கும் துறைத் துணைத் தலைவர். அந்தப் பதவியில் வந்து அமர்ந்த டாக்டர் மெரிடித் பிளங்கெட் அம்மையார் முதல் வேலையாக மல்யுத்தப் பயிற்சியாளர் ஆர்வில் ஸ்வோபோடாவை அழைத்தார். ஸ்வோபோடா என்றால் கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற உருவம். இரண்டு காதும் பழைய மல்லுக்கட்டில் நசுங்கிக் காலிஃபிளவர் மாதிரி இருக்கும்.

"கோச், நீங்க கண்ணுலயே படலை."

"எதிர்லதானேம்மா உக்காந்திருக்கேன்?"

"நான் பார்க்கிறது கணக்குல வராது. மீடியா பார்க்கணும். மீடியா பார்க்காதது இல்லாதது. இல்லாததுக்கு எதுக்கு ஒரு ஹால்? சீசன் முடிஞ்சதும் அதை மூச்சுவிடும் மையமா மாத்தப் போறோம்."

"மூச்சு எங்கே வேணா விடலாமேம்மா?"

"அப்படி விட்டா யாருக்குத் தெரியும்?"

அந்த ஹாலும் அந்தப் பையன்களும் தவிர ஸ்வோபோடாவுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. மனைவி டார்லின் உண்டு, அவளையும் அந்த ஹாலில்தான் சந்தித்தார்.

மறுநாளே கேமராக்காரர்கள் வந்தார்கள். "உங்க உணர்ச்சியைச் சொல்லுங்க கோச்" என்றார்கள்.

"நம்ம நூத்தி இருபத்தஞ்சு இடது பக்கமா உள்ளே இறங்குறான். நல்லா இறங்குறான்."

"அது அவன் உணர்ச்சி. உங்களுது?"

"முட்டி வலி."

அந்தப் பேட்டியை டார்லின் பார்த்தாள். வேறு யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

அப்புறம்தான் அது நடந்தது. மல்யுத்தத்தில் நடுவர் தப்பாகச் சொன்னால், பயிற்சியாளர் ஒரு பஞ்சுச் செங்கல்லை மல்லுக்கட்டுகிற விரிப்பின்மேல் எறியலாம். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார் என்று அதற்கு அர்த்தம். பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நடந்த போட்டியில் நடுவர் தப்பாகச் சொன்னார். ஸ்வோபோடா எறிந்தார். எறிந்த வேகத்தில், அவர் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி மடங்கி அவரை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. வெளியே இரண்டு பூட்ஸும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன.

விடிவதற்குள் உலகமே அதைப் பார்த்துவிட்டது. பிரேசிலில் ஒரு பல் டாக்டர் அதற்குப் பாட்டே போட்டிருந்தார். மதியம் சுற்றறிக்கை வந்தது: "மேற்படி பயிற்சியாளர் மேற்படி நாற்காலியிலிருந்து மேற்படி முறையில் வீழ்ந்தமை நிர்வாகத்தின் தொலைநோக்குத் திட்டத்தின் விளைவே ஆகும். இனிவரும் போட்டிகளிலும் வீழ்ச்சி தவறாது நடைபெற ஆவன செய்யப்படும்."

"அது தானா நடந்ததும்மா" என்றார் ஸ்வோபோடா.

"தானா நடக்கிறதைத் திட்டம் போட்டு நடத்துறதுக்குப் பேர்தான் நிர்வாகம், கோச்."

"விழலைன்னா?"

"பசங்க மூச்சு விட வேண்டியதுதான்."

பையன்களுக்காக மனுஷர் விழ ஒப்புக்கொண்டார். வீட்டுச் சமையலறையில் பயிற்சி ஆரம்பமாயிற்று.

"ஏங்க, அது எங்கம்மா குடுத்த நாற்காலி. விழறதா இருந்தா காலேஜ் நாற்காலியில போய் விழுங்க!"

"அங்கே விழுந்தா கேமராவுக்காக ஒருத்தி ஓடிவந்து தலைவாரி விடறா டார்லின்."

"வாரட்டுமே. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லியும் வாராத தலைதானே!"

ஒரு கல்லூரி விழுந்தால் மற்றக் கல்லூரிகள் நின்றுகொண்டிருக்குமா? எதிரணிப் பயிற்சியாளர்களும் விழத் தொடங்கினார்கள். ஒருவர் தண்ணீர் ஜாடியோடு விழுந்தார். இன்னொருவர் உதவிப் பயிற்சியாளரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார். அது நியாயமா என்று விசாரிக்க ஒரு கமிட்டி அமைந்தது. கமிட்டி விதிகளை வகுத்தது. மல்லாக்க விழுந்தால் முழு மதிப்பெண், பக்கவாட்டில் விழுந்தால் பாதி, வலியில் கத்தினால் கழிவு. கனமான ஆள் விழுந்தால் சத்தம் அதிகம், அது ஒல்லியானவர்களுக்கு அநீதி என்று புகார் வரவே, பயிற்சியாளர்களுக்கும் எடைப்பிரிவு வந்தது. அதற்கப்புறம் எங்கள் ஹாலில் நான் கண்ட காட்சி: பயிற்சியாளர்கள் எடை குறைக்க ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள், மல்லர்கள் பன்றி வறுவல் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே ஓரத்தில் நின்று, "இன்னும் ரெண்டு பவுண்டுதான் கோச், விடாதீங்க!" என்று கத்துகிறார்கள்.

விளக்குகளையெல்லாம் நாற்காலிப் பக்கம் திருப்பினார்கள். நடுவரும் அந்தப் பக்கமே திரும்பி நின்றார். விரிப்பு இருட்டில் கிடந்தது. "கேட்கிறவங்களுக்கு நாற்காலி வேணும், நாற்காலியைச் சொல்லுங்க" என்று எனக்கும் உத்தரவு வந்தது. நானும் சொன்னேன்: "இதோ முன்கால் எழும்புகிறது... எழும்புகிறது... ஐயோ, இறங்கிவிட்டது நேயர்களே!"

இறுதிப்போட்டி வந்தது. நிர்வாகக் குழு முன்வரிசையில். கோச் ஒழுங்காக விழுந்தால் ஹால் தப்பும், இல்லாவிட்டால் மூச்சு. இருட்டில் எங்கள் நூத்தி இருபத்தஞ்சு, எவனிடமும் தோற்காத ஒருவனோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தான் என்று சொன்னார்கள். வெளிச்சத்தில் ஸ்வோபோடா செங்கல்லை ஓங்கினார். நாற்காலியின் முன்கால் எழும்பியது. ஹாலில் எவரும் இமைக்கவில்லை.

மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். இருட்டைப் பார்த்தார். வாய் பிளந்தது. செங்கல் கையிலிருந்து நழுவியது. மெதுவாக எழுந்து நின்றார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. விரிப்பில் தொப்பென்று ஒரு சத்தம். நாற்காலியோ அசையாமல் நின்றது.

ஜனங்கள் ஊளையிட்டார்கள். பிளங்கெட் அம்மையார் ஓடிவந்தார். "கோச்! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"பாக்கலையாம்மா? அடியில மாட்டிக்கிட்டான். செத்தான்னு நெனச்சேன். அங்கேருந்து எப்படித் திரும்பினான்னு... நான் பொறந்ததுலேருந்து இப்படி ஒண்ணு பார்த்ததில்லைம்மா!"

"எங்கே?"

"விரிப்பு மேல!"

அம்மையார் முதன்முதலாக அந்தப் பக்கம் பார்த்தார். "அங்கே வழக்கமா என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

யார் ஜெயித்தது என்று நடுவருக்கும் தெரியவில்லை. ஸ்வோபோடா குனிந்து செங்கல்லை எடுத்து முறைப்படி எறிந்தார். வீடியோவைத் திரும்பப் போட்டார்கள். எல்லாக் கேமராவிலும் ஸ்வோபோடாவின் முகம்தான் இருந்தது. நடுவர் குழு அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, கண்ணீரை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்து, "இந்த முகத்துக்கு எதிரே நல்லதுதான் நடந்திருக்க முடியும்" என்று எங்கள் பையனுக்கு வெற்றி கொடுத்தது. எதிரணியும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை.

விழாத கோச்சின் படம், விழுந்த கோச்சின் படத்தைவிடப் பெரிதாக ஓடியது. ஹால் தப்பியது. புதிய சுற்றறிக்கை வந்தது: "அடுத்த பருவம் முதல் மேற்படி பயிற்சியாளர் ஒவ்வொரு போட்டியிலும் தவறாது விழாமலிருப்பார். கண்ணீர் கட்டாயம்."

அன்றைக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்வோபோடாவின் வாயருகே மைக்கை நீட்டினார்கள். அவர் தன் உணர்ச்சியைச் சொல்லவில்லை. அந்தப் பையனின் முழுப்பெயரைச் சொன்னார். எழுத்து எழுத்தாகவும் சொன்னார். அவன் அப்பா எந்த ஊரில் மாடு கறக்கிறார் என்றும் சொன்னார். அந்த இடத்தை வெட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களை நினைத்து நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்களே, அந்தப் பையன் பெயர் என்ன என்று ஒருத்தராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் நானும் யாரையாவது விசாரித்துச் சொல்லியிருப்பேன்.

நாற்காலியை இப்போது கல்லூரி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ரோசலிண்ட்.