'விட்டால்' வேறு, 'விட்டால்தான்' வேறு

சொல்கிற மனிதருக்குப் பதில் சொல்லாமல், அவர் சொன்ன வாக்கியத்துக்குப் பதில் சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. தலை வலிக்கிறது என்றால் தைலத்தை எடுத்துத் தராமல், 'வலிக்கிறது என்பதை ப என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்குவார்களே, அவர்கள்தான்.

அஸ்தம்பட்டி தோமினிக் அந்த இனத்தில் அசல். கல்லூரியில் தர்க்கம் நடத்துவது அவர் வேலை. வீட்டிலும் அதையே நடத்துவது சுபாவம். "கறி வாங்கிட்டு வந்தாத்தான் சோறு" என்று மனைவி இசபெல்லா பையை நீட்டினால், "வாங்காட்டிச் சோறில்ல, சரி. வாங்குனாச் சோறு உண்டுன்னு நீ சொல்லவே இல்லையே" என்பார். அன்றைக்கு ரசம்தான்.

1950-களின் கடைசியில், பள்ளிக்கூட டீச்சராக இருந்த அவர் மகள் ஜெபமலருக்கு மேட்டூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆரோக்கியசாமி காபியைக் குடித்து முடித்து, "பொண்ணு வேலையை விட்டா, தை மாசம் கல்யாணத்தை வச்சுக்கலாமுங்க" என்றார். உங்களுக்கும் எனக்கும் இதில் என்ன புரியும்? வேலையை விட வேண்டும் என்று புரியும். அவர் போனதும் தோமினிக் சிலேட்டை எடுத்தார். வேலையை விடுவது ப, கல்யாணம் க, நடுவே ஓர் அம்புக்குறி, கீழே உண்மை, பொய் என்று நான்கு வரிசை.

"'விட்டா'ன்னுதான் சொன்னார். 'விட்டாத்தான்'னு சொல்லல. ரெண்டும் ஒண்ணில்ல. ப பொய்யா இருந்தாலும் க உண்மையா இருக்கலாம். நீ பாட்டுக்கு வேலைக்குப் போம்மா."

தேதி குறிக்க வந்த ஆரோக்கியசாமி, ஜெபமலர் குடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னும் விடலீங்களா? அப்பக் கல்யாணம் இல்லீங்க."

"அது நீங்க முன்னே சொன்ன வாக்கியத்துக்குச் சமமில்லையே" என்று தோமினிக் சிலேட்டை நீட்டினார். முகத்தில் வெற்றிக் களை. ஆரோக்கியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவருகே இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெபமலர் குடையைச் சுவரில் சாய்த்தாள். "மாமா, நான் வேலையை விட மாட்டேனுங்க. உங்க மகனுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா எனக்கு வருத்தந்தான். ஆனாலும் விட மாட்டேன்."

அந்த வீட்டில் ஆரோக்கியசாமிக்கு முதல் தடவையாக ஒரு பேச்சு புரிந்தது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார் அவளிடம். ஊருக்குப் போய் மகனைக் கேட்டார். அவனுக்குச் சம்மதம். தை மாதம் கல்யாணம் நடந்தது.

பந்தலில் சந்தனம் கொடுக்க வேண்டிய தோமினிக், வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தினார். "ப பொய், க உண்மை. சிலேட்டுல அப்பவே போட்டேன்."

சிரிக்கிறீர்கள். 'இவர்கள் இப்படித்தான், நான் தர்க்க ஆசிரியன் இல்லை, ஆகவே நான் இந்த இனமில்லை' என்று ஒரு நிம்மதி வேறு. அந்த 'ஆகவே'யைத் தோமினிக் பார்த்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அது கிடக்கட்டும். நேற்று உங்கள் வீட்டில், 'நீ அப்படிச் சொல்லவே இல்லையே' என்று வாதாடி ஜெயித்தது யார்?