ஏழாம் கூடத்தைக் காலி செய்த வரலாறு

உலக அமைதிக்காக மனிதர்கள் இதுவரை கூட்டிய குழுக்களில் தலைசிறந்தது, நெப்ராஸ்காவின் வில்லோபெண்ட் ஊரில் இயங்கும் எங்கள் அதிபர் நூலகக் குழுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குழுவின் செயலாளர் என்ற முறையில், நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பதவி முடிந்து இறங்குகிற அதிபருக்குச் சொந்த ஊரில் ஒரு நூலகம் எழுப்புவது நம் நாட்டு வழக்கம். நூலகம் என்று பெயரே தவிர, யாரும் அங்கே புத்தகம் தேடி வருவதில்லை. அதிபர் கிடந்த தொட்டில், அவர் போட்ட கையெழுத்து, அவர் நடத்திய போர் ஆகியவற்றைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் ஊர் அதிபரின் போருக்கு ஐந்தாம் கூடத்தையும் ஆறாம் கூடத்தையும் கொடுத்திருந்தோம். அசல் மணல், அசல் கூடாரம், பொத்தானை அழுத்தினால் பீரங்கிச் சத்தம். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏழாம் கூடம்தான் சிக்கல். இருப்பதிலேயே பெரியது. கட்டடக் கலைஞர் வரைபடத்தில் அதற்கு ‘இனி நிகழவிருக்கும் சாதனை’ என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நவம்பரில் தேர்தல் நடந்து, எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்து, நம்மவருக்கு ஜனவரி இருபது வரைக்கும்தான் நாற்காலி என்று ஆன பிறகும் அது வெறும் சுவராகவே நின்றது.

அந்த நாட்களில் நாடு முழுக்க ஒரே பேச்சு, போகிற போக்கில் மனுஷன் இன்னொரு போரைத் தொடங்கிவிடுவாரோ என்று. தொலைக்காட்சியில் தளபதிகளாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் வரைபடத்தில் கட்டைவிரல் அளவு நாடொன்றைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்டின் பெயரை எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் மூன்று விதமாக உச்சரித்தார்கள். மூன்று உச்சரிப்புக்காரர்களும் அதை அடிக்கத்தான் வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைவர் வெர்னன் ஹாஸ்கல், டிராக்டர் விற்பவர். எப்போதும் சேர்ந்தே கை தூக்கும் ப்ரூக்மன் சகோதரிகள் இருவர். பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் கோசெக். அப்புறம் நான். டார்லீனின் மகன் வெஸ்லி கடற்படையில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்ப வேண்டியவன். திடீரென்று விடுப்பு ரத்து, கப்பல் அங்கேயே நிற்க உத்தரவு என்று அவனிடமிருந்து தகவல் வந்தது. டார்லீன் அந்தத் தகவலையும் எங்கள் காலிக் கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ‘ராஜதந்திரம்’ படித்தவர்கள் எவருக்கும் வராத யோசனை அவளுக்கு வந்தது.

ஏழாம் கூடத்தை வேறு எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். இடமே இல்லையென்றால் புதுப் போரை எங்கே கொண்டுவந்து வைப்பார்?

“தீர்மானம்னா காரணம் எழுதணுமே டார்லீன், என்னன்னு எழுதச் சொல்ற?” என்றார் வெர்னன்.

“என் பையன்னு எழுதுங்க.”

நான் ‘உள்ளூர்ப் பண்பாட்டு மேம்பாடு’ என்று எழுதிக்கொண்டேன். ஐந்து கைகளும் உயர்ந்தன.

ஒன்பதே நாளில் நிரப்பினோம். தேவாலயப் பெண்கள் தைத்த அறுபத்திரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகள். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு வெட்டாமல் அதிபர் உயிர்ப்பிச்சை கொடுத்ததால், கிழப்பருவம் எய்தி இயற்கையாகவே இறந்த இரண்டு வான்கோழிகள், பஞ்சு அடைக்கப்பட்டு. அவர் பள்ளிக்கூடத்தில் தோற்ற கால்பந்தாட்டத்தின் காலணி. அவர் ஒருமுறை ஏறி உட்கார்ந்து இறங்கிய டிராக்டர். வாசலில் ‘அமைதியும் பண்பாடும்’ என்று பலகை. உள்ளே நுழைகிறவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். ஒரு துப்பாக்கியைக்கூட அங்கே நிறுத்தி வைக்க வழியில்லை என்று டார்லீன் அளந்து பார்த்துச் சொன்னாள்.

நன்றி நாளுக்கு மறுநாள் அதிபர் வந்தார். ஐந்தாம் கூடத்தில் ஒலிப்பதிவில் தன் குரலைத் தானே கேட்டுக் கண்கலங்கினார். ஆறாம் கூடத்தில் பொத்தானை நான்கு முறை அழுத்தினார். ஏழாம் கூடத்தில் வான்கோழிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வெர்னன் ஒவ்வொன்றையும் விளக்க, பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒன்றைத் தின்றபடி மரியாதையாகத் தலையாட்டினார். டார்லீன் போர்வைகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டாள்.

“மிஸ்டர் பிரசிடெண்ட், என் பையன் வெஸ்லி கப்பல்ல இருக்கான். கிறிஸ்துமஸுக்கு வரவேண்டியவன், நிறுத்தி வச்சிருக்காங்க.”

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கனிவை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

“எந்தக் கப்பல்மா?”

சொன்னாள். அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார்.

“நல்ல கப்பல். அவன் பேரு முதல்ல வர்ற மாதிரி நானே சொல்லி வைக்கிறேன்.”

“எதுல முதல்ல வர்ற மாதிரி?”

அவர் போர்வைகள் தொங்கிய வடக்குச் சுவரைப் பார்த்து, “இங்க வெளிச்சம் ரொம்ப நல்லா விழுது” என்றார். பிறகு வெர்னனின் தோளில் கைபோட்டார்.

“எல்லாம் அருமையா இருக்கு. டிசம்பர் பத்துக்குள்ள இதக் காலி பண்ணிடுங்க.”

தேசத்தின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான கணம் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“பத்தாந்தேதி காலையிலயா சார், சாயங்காலமா?”

“காலையில” என்றார் அதிபர்.

அன்றே அவசரக் கூட்டம். வடக்குச் சுவருக்குத் திரைச்சீலை மாட்டத்தான் இருக்கும் என்று மூத்த ப்ரூக்மன் கருத்துத் தெரிவித்தாள். இளைய ப்ரூக்மன் அந்தத் திரைச்சீலையின் நிறம் பற்றிச் சந்தேகம் எழுப்பினாள். பத்திரிகைக்குச் சொல்வோம், தேதி தெரிந்துவிட்டது, ஊர் உலகமெல்லாம் கத்தினால் போரைத் தொடங்க முடியாது என்றாள் டார்லீன். இது மூடிய கூட்டம், துணைவிதி பதினான்கின்படி இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்றார் வெர்னன்.

“அந்த விதி ஆப்பிள் பை பலகாரப் போட்டி முடிவ முன்கூட்டியே சொல்லிடக் கூடாதுன்னு நாம போட்டது, வெர்னன்.”

“விதி விதிதானே. பலகாரத்துக்கு மட்டும்னு அதுல எழுதலையே.”

வாக்கெடுப்பு நடந்தது. காலி செய்ய ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. ஜனநாயகம் இவ்வளவு துல்லியமாக நடந்து நான் பார்த்ததில்லை.

டார்லீன் கட்டுப்பாட்டை மீறிப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். அவர்கள் பொறுப்பான பத்திரிகை. ஒரு தாயின் பேச்சை மட்டும் வைத்துச் செய்தி போடமாட்டார்கள். இன்னொருவர் ஆம் என்றால் மறுநாளே முதல் பக்கத்தில் வரும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் துணைவிதி பதினான்கை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் போர்வைகளை இறக்கினோம். பெரிய போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை டார்லீன் பிடித்தாள். முனையோடு முனை சேர்க்கக் கிட்டே வந்தபோது மெல்லக் கேட்டாள்.

“நீ ஏன்டி ஹெட்டி கை தூக்குன?”

“எல்லாரும் தூக்குனாங்க.”

“எல்லாருமா? நீதானே எண்ணி எழுதுன.”

போர்வை கோணலாகிறது, நேராகப் பிடி என்று சொன்னேன். அவள் அவ்வளவு நேராகப் பிடித்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் பத்து, காலை. முடிதிருத்தும் கடையில் மூன்று உச்சரிப்பும் ஒரே நேரத்தில் ஒலித்தன. முதல் ஏவுகணைகள் புறப்பட்ட கப்பலின் பெயரை வானொலி சொன்னது. டார்லீன் அன்றும் பேருந்தை நேரத்துக்கு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். அன்று மதியம் நான் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே வானொலி ஓடியது. கதவு திறக்கவில்லை.

இந்தப் போரை யாராவது தடுத்திருக்க முடியுமா என்று பிற்காலத்தில் பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவர்கள் வசதிக்காக உண்மையை எழுதி வைக்கிறேன். தேதி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் ஐந்து பேர். ஒருத்தி கத்தினாள். மற்ற நாங்கள் நால்வரும் ஒருநாள்கூடத் தாமதம் செய்யவில்லை. எட்டாம் தேதியே கூடத்தைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டோம்.