இன்மை அறிக்கை ஏற்கப்படமாட்டாது

நல்லாங்குறிச்சி கிராம நிர்வாக அலுவலர் பாலசுந்தரம், இருபத்திரண்டு வருட சர்வீஸில் எந்தப் படிவத்தையும் காலியாகத் திருப்பி அனுப்பியவர் அல்லர். தென்னை மரம் எத்தனை, கறவை மாடு எத்தனை, தூர்ந்த கிணறு எத்தனை, வெறிநாய் எத்தனை என்று மேலிடம் கேட்டபோதெல்லாம் எண்ணிச் சொன்னவர். எண்ண முடியாதபோது போன வருடக் கணக்கோடு இரண்டைக் கூட்டிச் சொன்னவர். ஆகவே அந்த வியாழக்கிழமை 'மிக அவசரம்' என்ற சிவப்பு முத்திரையோடு ஒரு சுற்றறிக்கை வந்தபோது அவர் பதறவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'பொருள்: கிராம வாரியாகப் பயங்கரவாதிகள் மற்றும் பயங்கரவாதி ஆகக்கூடியவர்கள் கணக்கெடுப்பு – விவரம் கோருதல் – தொடர்பாக.'

கூடவே ஆறு கலம் போட்ட படிவம் ஒன்று. பயங்கரவாதி என்றால் யார் என்று ஒரு விளக்கம். அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'இன்மை அறிக்கை ஏற்கப்படமாட்டாது.' அதாவது, எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது.

பாலசுந்தரம் யோசித்தார். நல்லாங்குறிச்சி அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமி. நானூற்றுப் பன்னிரண்டு ரேஷன் கார்டு. கடைசியாக ஊருக்குள் போலீஸ் வந்தது ஒரு கிடா காணாமல் போனதற்கு. அதுவும் கிடா தானாகத் திரும்பி வந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது. வருவாய் ஆய்வாளர் ஜோதிக்குப் போன் போட்டார்.

"மேடம், எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லைங்களே."

"இல்லன்னு எப்படிச் சொல்றீங்க? தேடுனீங்களா?"

"தேடலைங்க. ஆனா நான் வந்து இருபத்திரண்டு வருஷமா..."

"இருபத்திரண்டு வருஷமா கண்டுபுடிக்காம இருந்திருக்கீங்க. அத வெளிய சொல்லிடாதீங்க."

"மேடம்..."

"பக்கத்து பிர்காவுல நூத்தம்பது வூடு இருக்கற ஊருக்கு ரெண்டு பேர் குடுத்திருக்காங்க. அந்த ஊரு வி.ஏ.ஓ. வேலை தெரிஞ்சவரு. உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு கார்டு. ஒருத்தர் கூடத் தேறலைன்னா யாரு சார் நம்புவா?"

"தேறலைன்னா?"

"புதன்கிழமைக்குள்ள வரலைன்னா பதினேழு பி."

அரசு ஊழியருக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பதவி உயர்வையும் கேட்டிருக்கும் ஊர் மாற்றத்தையும் ஒரே வாயில் முழுங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, ஊர்ப் பெரியவர்களிடம் கலந்தாலோசிக்கும் பொருட்டு, பாலசுந்தரம் தன் ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார். இரண்டு டிராக்டரும் நான்கு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கும் பழனிவேல் முதல் ஆளாக வந்து, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கீழத்தெருக் கடைசி வீட்டுக் குஞ்சம்மாளும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தன் பதினான்காவது மனுவைக் கொடுக்க வந்தவள், கூட்டமாக இருக்கவும் வாசற்படியில் குந்திவிட்டாள்.

"இதுக்கா சார் கூட்டம்?" என்றார் பழனிவேல். "குக்கர் பாய எழுதுங்க."

குக்கர் பாய் என்றால் சிக்கந்தர். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, டிவிஎஸ் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து குக்கரும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் அவர் கை படாத குக்கர் இல்லை.

"அவரு என்னங்க பண்ணாரு?" என்றார் பாலசுந்தரம்.

"தாடி வச்சிருக்காரு. வெளியூரு. பொட்டி நெறைய ஒயரு, ஸ்பிரிங்கு. அந்தக் குக்கர வச்சு என்னென்ன பண்றாங்கன்னு நம்ம குரூப்புல வீடியோ போட்டிருந்தனே, பாக்கலையா?"

"உங்க வூட்டுக் குக்கரையும் அவருதானே சரி பண்ணாரு?"

"அதான் சொல்றேன். வெடிக்காமப் பண்ணத் தெரிஞ்சவனுக்கு வெடிக்க வைக்கத் தெரியாதா?"

இதற்குக் கூட்டத்தில் நல்ல வரவேற்பு இருந்தது. அவர் ஊருக்குள் வரும்போது எப்போதும் சிரிக்கிறார் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். சிரிக்காமல் வருகிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே சந்தேகத்துக்குரியவை என்று முடிவாயிற்று.

வாசற்படியிலிருந்து குஞ்சம்மாள் கேட்டாள்: "ஏன் தம்பி, போன திருவிழாவுல எங் கூரைக்கு நெருப்பு வெச்சாங்களே, அவங்கள எழுதிக்க முடியாதா? ஆளு பேரு எல்லாம் எனக்குத் தெரியும்."

பழனிவேல் அவள் பக்கம் திரும்பவில்லை. நெருப்பு வைத்தவர்களில் அவருடைய மகனும் ஒருவன். "அது எளவட்டப் பயலுவ உணர்ச்சிவசப்பட்டது. அதையும் இதையும் ஒண்ணாப் பேசக் கூடாது."

கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. மூன்று கூரை எரிந்த சம்பவத்துக்கு, 'இளைஞர்களிடையே ஏற்பட்ட வாய்த்தகராறு' என்று தலைப்பு. எழுதியவர் பாலசுந்தரம்.

பாலசுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சைரன் ஊதியது.

சைரன் என்றால் வெளிநாட்டுக் கம்பெனியின் சுரங்கத்துச் சைரன். கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சைரன், ஒரு மணிக்கு வெடி. நல்லாங்குறிச்சியில் இதைக் கேட்டுத்தான் உலை இறக்குவார்கள். சைரன் கேட்டதும் பெண்கள் அலமாரிப் பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைப்பார்கள். டீச்சர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து புளியமரத்தடிக்கு ஓட்டிப் போவார். வெடித்து முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும், விழுந்து உடைந்ததைத் தவிர. குஞ்சம்மாள் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. முதலில் அதில் பல்லி போனது. பிறகு பூனை போனது. இப்போது பக்கத்து வீட்டு ராசாத்தி அது வழியாகத்தான் குழம்புக் கிண்ணம் நீட்டுகிறாள்.

கூட்டம் எழுந்து வாசலுக்கு வந்து நின்றது. பழனிவேல் நாற்காலியையும் கையோடு தூக்கி வந்தார். டம்மென்று பூமி ஒரு முறை துள்ளியது. ஆபீஸ் கூரையிலிருந்து சிமெண்டுக் காரை பெயர்ந்து, சரியாகப் பாலசுந்தரத்தின் மேசைமேல் விழுந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. வெள்ளையாகப் புழுதி வந்து எல்லார் தலையிலும் படிந்தது. துண்டால் தட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

"எங்க விட்டோம்?" என்றார் பழனிவேல்.

"குக்கர் பாய்" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஆங். குண்டு வெச்சாருன்னா என்ன ஆவும்னு யோசிச்சுப் பாருங்க. ஊரே நடுங்கிப் போயிடும்."

செவ்வாய்க்கிழமை சிக்கந்தர் வந்தார். பாலசுந்தரத்தின் வீட்டுக் குக்கருக்கு வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு, நேரே ஆபீஸுக்கு வந்து கைகட்டி நின்றார்.

"சார், எம் பேர எழுதப் போறதாப் பேசிக்கிறாங்க."

"யாரு சொன்னா?"

"குக்கர் குடுத்தவங்க எல்லாருமே சொன்னாங்க. சொல்லிட்டு, வெயிட்டு சரியா உக்காரல, அதையும் பாருங்க பாய்னாங்க."

பாலசுந்தரம் படிவத்தின்மேல் ஒரு பேரேட்டை எடுத்து வைத்து மறைத்தார்.

"எனக்கொண்ணும் இல்லைங்க சார், நான் குக்கர் பாய்தான். எம் பொண்ணு நர்ஸுக்குப் படிச்சிருக்கு. குவைத் ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி. அத்தா பேரு ஒரு லிஸ்டுல இருக்குன்னா அதோட சரி. நாலு வருஷமாப் படிச்ச புள்ள." கையிலிருந்த பழைய வாஷரை மேசைமேல் வைத்தார். "அல்லா சாட்சியா, வெடிக்காம இருக்கத்தான் சார் நான் வாஷரே மாத்துறேன்."

அவர் போனதும் பாலசுந்தரம் படிவத்தை எடுத்தார். சிக்கந்தர் என்று எழுத எழுத்துக்கூட்டி வைத்திருந்தவர், ஆறாவது கலத்தில் நின்றுவிட்டார். 'ஆதாரம் – இணைக்கப்பட வேண்டும்.' தாடியை எப்படி இணைப்பது?

வேறு வழியில்லாமல், சுற்றறிக்கையில் இருந்த விளக்கத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். 'வெடிபொருளைப் பயன்படுத்தியோ பிற வகையிலோ, பொதுமக்கள் மனதில் அச்சத்தை விளைவித்து, உயிருக்கோ உடைமைக்கோ சேதம் உண்டாக்குவதும், வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ இயக்கப்படுவதுமான நபர் அல்லது அமைப்பு.'

வெடிபொருள். அச்சம். சேதம். வெளிநாடு.

மேசைமேல் கிடந்த காரையைப் பார்த்தார். பீரோவைத் திறந்தார். குஞ்சம்மாளின் பதினான்கு மனுக்கள், தேதிவாரியாக, விரிசலின் போட்டோக்களோடு நூல் கட்டி இருந்தன. நல்லாங்குறிச்சி முழுவதும் தேடினாலும் ஆதாரத்தோடு கூடிய கோப்பு அது ஒன்றுதான். பாலசுந்தரம் வீரர் அல்லர். படிவம் நிரப்பத் தெரிந்தவர். கலம் கேட்டதை எழுதினார். பெயர்: கம்பெனி. தாக்குதல் நேரம்: தினமும் பகல் ஒரு மணி. தலைமையிடம்: வெளிநாடு. ஆதாரம்: இணைப்பு ஒன்று முதல் பதினான்கு வரை.

வியாழக்கிழமை தாசில்தார் அறிவரசன் அவரை நேரில் வரச் சொன்னார். ஜோதியும் உடன் இருந்தார்.

"யோவ், கம்பெனிய எழுதியிருக்க!"

"விளக்கத்துக்குப் பொருந்துதுங்க சார்."

"அவங்களுக்கு லைசென்ஸ் இருக்குய்யா."

"லைசென்ஸுன்னு படிவத்துல கலம் இல்லைங்க சார்."

தாசில்தார் படிவத்தை எடுத்துப் பார்த்தார். உண்மையிலேயே இல்லை. "சைரன் ஊதிட்டுத்தானே வெடிக்கிறாங்க? சொல்லிட்டு வெடிச்சா அது தொழில். சொல்லாம வெடிச்சாத்தான் பயங்கரவாதம்."

"சனங்க பயப்படுறாங்களே சார்."

"தெனம் ஒரு மணிக்குப் பயந்தா அது பயம் இல்ல, பழக்கம். சரி, அந்தக் கம்பெனி மொதலாளிக்குத் தாடி இருக்கா?"

"இருக்குங்க சார். காலண்டர்ல பாத்தேன். அழகா ட்ரிம் பண்ணி வச்சிருக்காரு."

"ட்ரிம் பண்ணா அது ஃபேஷன்யா!" தாசில்தார் மேசையைத் தட்டினார். "மேல என்னன்னு அனுப்புறது? இன்மையும் எழுத முடியாது."

அதுவரை இணைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஜோதி, பதினான்காவது மனுவில் விரலை வைத்தார். "சார், இதப் பாருங்க. 'அடுத்த திங்கக்கிழமைக்குள்ள யாரும் வந்து பாக்கலைன்னா நானே போயி வெடிக் குழியில உக்காந்துக்குவேன்.' வெடிகுண்டு மிரட்டல். அரசு அலுவலகத்துக்கு. எழுத்துப்பூர்வமா."

தாசில்தாரின் முகம் மலர்ந்தது. "பதினாலு தடவ!"

"திட்டமிட்ட தொடர் நடவடிக்கை சார். நானே திங்கக்கிழமை மனு நாள் ஆனா இந்தம்மா வருமோன்னு பயந்துகிட்டுத்தான் ஆபீஸ் வரேன். அச்சம் விளைவிச்சாச்சு. ஆதாரம் இணைச்சாச்சு."

"அந்தம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசுங்க மேடம்" என்றார் பாலசுந்தரம்.

"வயசுக்குக் கலம் இருக்கா?"

இல்லை. பாலசுந்தரம் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனதைத் தேற்றிக்கொண்டார். போகட்டும், ஒரு பெண்பிள்ளையின் பாஸ்போர்ட் தப்பித்தது.

அடுத்த வாரம் குஞ்சம்மாள் வீட்டு வாசலில் இரண்டு நாற்காலியும் ஒரு நோட்டும் வந்து இறங்கின. ஏட்டு மணிவண்ணனும் ஒரு காவலரும் கண்காணிப்புக்கு அமர்ந்தார்கள். முதல் நாள் ஒரு மணிக்கு, கம்பெனிச் சுரங்கத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து ஏட்டின் டீ டம்ளரில் விழுந்தது. ஏட்டு தரையில் படுத்தபடியே வயர்லெஸ்ஸில், போலீஸ் மீது தாக்குதல் என்று சொன்னார். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. காவலர்களின் பாதுகாப்பை முன்னிட்டுக் கிழக்குப் பக்கம் வெடி வைப்பது நிறுத்தப்படுகிறது.

குஞ்சம்மாள் பாத்திரங்களை அலமாரியில் அடுக்கினாள். "பதினாலு மனு எழுதுனதுக்குப் பதிலா மொதல்லயே பயங்கரவாதி ஆயிருக்கலாம்" என்று விரிசல் வழியாக ராசாத்தியிடம் சொன்னாள்.

கிழக்கே நிறுத்திய வெடியை, ஊருக்கு மேற்கே இருந்த கம்பெனியின் இன்னொரு குழியில் வைத்தார்கள். மேற்கே பழனிவேலின் மாடி வீடு. மூன்றாம் நாள் மாடிப்படி ஒரு பக்கமாகவும் மாடி ஒரு பக்கமாகவும் நின்றன. மறுநாள் காலை பாலசுந்தரத்தின் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் பழனிவேல்.

"சார், எம் பேரச் சேத்துக்குங்க. எங் குடும்பத்துக்கு என்ன தகுதி இல்ல? எம் பையன் மூணு கூரை கொளுத்தியிருக்கான். கீழத்தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க."

"அது வாய்த்தகராறுங்க" என்றார் பாலசுந்தரம். "கோப்புல இருக்கு."

"அப்ப வாட்ஸ்அப்புல நான் போட்டதெல்லாம்? அதப் பாத்து எத்தன பேரு பயந்திருப்பான்!"

இந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் ஏட்டு மணிவண்ணன் வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். பாஸ்போர்ட் விசாரணை அறிக்கை. லெப்பைக்குடிக்காடு ஸ்டேஷன் கேட்டிருந்ததாம், கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

'விண்ணப்பதாரரின் தந்தை சிக்கந்தர் என்பவர், பட்டியலிடப்பட்ட பயங்கரவாதி ஒருவரின் வீட்டுக்கு மாதம் இருமுறை வந்து, அழுத்தத்தால் வெடிக்கக்கூடிய பாத்திரம் ஒன்றைத் தனிமையில் கையாண்டு செல்கிறார். பாஸ்போர்ட் வழங்கப் பரிந்துரை இல்லை.'

பாலசுந்தரம் இரண்டு முறை படித்தார். பட்டியலில் இருப்பது குஞ்சம்மாள்; அவள் வீட்டிலும் ஒரு குக்கர் உண்டு. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் பழனிவேல், ஏட்டின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு. வரிசை முழுவதும் தலையாட்டியது.

பாலசுந்தரம் பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏட்டு தாளை மடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்:

"இந்தாளுகிட்ட இன்னும் யாரெல்லாம் தொடர்புன்னு ஒரு லிஸ்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. உங்க வூட்டுல குக்கர் யாரு சார் ரிப்பேர் பண்றது?"

வரிசை பின்பக்கமிருந்து கலைய ஆரம்பித்தது. பழனிவேல் நின்ற இடத்தில் அவருடைய செருப்புத்தடம் மட்டும் இருந்தது.

"எங்க வூட்டுல குக்கரே இல்லைங்க" என்றார் பாலசுந்தரம்.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் கொடுத்த முதல் இன்மை அறிக்கை அது. உடனே ஏற்கப்பட்டது.