கருந்துளையும் வார்டன் அம்மாவின் முந்தானையும்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். செவிலிமேடு பெண்கள் விடுதியில் எனக்கு அது முதல் நாள். குளியலறை வரிசையில் முதலில் கண்ணில் பட்டது, முறுக்கேறி நட்டுக்குத்தலாக நின்ற ஓர் ஈரத் துண்டு. அதற்குக் கீழே அதை முறுக்கிக்கொண்டிருந்த கைகள். கைகளுக்குச் சொந்தக்காரர் ஜெட் அக்கா.

காஞ்சிபுரத்தில் கருந்துளையைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்த பெண்களில் பாதிப் பேர், சோப்பு டப்பாவும் கையுமாக அவரிடம் சிக்கியவர்கள்தான்.

ஏனாத்தூர் பல்கலைக்கழகத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சில விண்மீன் மண்டலங்களின் நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளை, ஒளியைக்கூட வெளியே விடாதது, எப்படி இரண்டு பக்கமும் வாயுவை ஜெட்டாக, நீண்ட தாரையாக, பீய்ச்சுகிறது என்பது ஆராய்ச்சி. பெயரும் அதனால் வந்ததுதான். அதைக் கேட்கப் பிரியமில்லாதவர்களிடம் மட்டும்தான் அவரால் பேச முடியும். தோசைக்குத் தட்டேந்தி நிற்பவர், தலையில் சீயக்காயோடு தண்ணீர் நின்றுபோனவர், இவர்கள்தான் அவருடைய மாணவிகள். யாராவது ஆசையாகக் கேட்டுவிட்டால் வாய் கட்டிவிடும். இரண்டு கருத்தரங்குகளில் மேடையேறி, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

"உள்ள போனது வெளிய வராது. அதான் கருந்துளை" என்று குளியலறைக் கதவைக் காட்டுவார். பட்டுக் கடை விற்பனையாளர் தேவி உள்ளே இருக்கும் நாட்களில் அது முழு உண்மை. "வெளிய நாம இடிச்சிக்கினு நிக்கிறோமில்ல? அதான் சுத்துற வாயு. இடிச்சி இடிச்சி சூடாவுது."

"சூடாவறது வார்டன் அம்மாதான்க்கா!" என்று உள்ளிருந்து தேவியின் குரல் வரும்.

வார்டன் அம்மாவிடம் ஒரே கேள்விதான் உண்டு. "முழுங்கினத எப்படிம்மா துப்பும்?" கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

வாய்மொழித் தேர்வு வந்தது. "இந்தத் தடவையும் பேசலைன்னா பட்டத்த மறந்துடும்மா" என்று நெறியாளர் முந்தின நாளே சொல்லிவிட்டார். இந்தத் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், அனைவரும் வரலாம் என்று அறிவிப்பில் போடுவார்கள். பொதுவாக யாரும் போவதில்லை. வார்டன் அம்மா அதைக் கல்யாணப் பத்திரிகை போலப் படித்தார்.

"அழைச்சிட்டாங்க. வெறுங்கையோட போவ முடியுமா?"

விடுதியே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பழத்தட்டு, பூ, கல்கண்டு சகிதம் தேர்வு அறைக்குள் நுழைந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அறை மாறி உட்கார்ந்துவிட்டோமோ என்று எழுந்து நின்றார்.

அவர் நல்ல மனிதர். கண்ணில் உண்மையான ஆவலோடு கேட்டார். "கருந்துளையிலிருந்து எதுவும் தப்ப முடியாது. அப்படியானால் ஜெட் எங்கிருந்து வருகிறது?"

அந்த ஆவல்தான் ஆபத்து. ஜெட் அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

இரண்டாவது வரிசையிலிருந்து வார்டன் அம்மாவின் குரல் வந்தது. "இன்னாம்மா ஜெட்டு, இத்தினி வருசம் எங்க உயிர வாங்கின, இப்ப வாய்ல கொழுக்கட்டையா? சட்டுனு சொல்லு, பஸ்ஸு போயிடும். எனக்கொண்ணும் கேக்கணும்னு ஆச இல்ல!"

ஜெட் அக்கா நிமிர்ந்தார். தேர்வாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நேராக வந்து வார்டன் அம்மாவின் முந்தானையைப் பிடித்தார்.

"முழுங்கவே இல்லம்மா! முழுங்கினது போனதுதான். இது வாசலுக்கு வெளிய நடக்குது. சுத்துற வாயு காந்தப்புலத்தையும் இழுத்துக்கினு வருது, நூலு நூலா. கருந்துளையும் சுத்துது. தன்னைச் சுத்தி இருக்கிற விண்வெளியையே இழுத்துக்கினு சுத்துது. அதுல மாட்டின நூலு என்னாவும்? முறுக்கும்!"

முந்தானையை முறுக்கினார். தேவி அலறினாள். "அக்கா, பட்டுக்கா! ஜரிகை போயிடும்!"

"முறுக்கு ஏற ஏற, அச்சு வழியா மேலயும் கீழயும் தள்ளும். பக்கத்துல இருக்கிற வாயுவ வாரி அடிக்கும், கிட்டத்தட்ட ஒளி வேகத்துல! மண்டலத்தையே தாண்டிப் போவும். அந்த சக்தி கருந்துளையோட சுழற்சியிலேருந்து வருது. ஆனா தீனி வேணும். நம்ம பால்வீதி நடுவுல இருக்கிறதுக்கு இப்போ பட்டினி, அதான் சும்மா கிடக்குது."

கையை விட்டார். முந்தானை சடசடவென்று முறுக்கு அவிழ்ந்தது. அதில் சிக்கியிருந்த மல்லிகைச் சரம் பறந்து தேர்வாளரின் மேசையில் விழுந்தது.

தேர்வாளர் பூவை ஓரமாக வைத்துவிட்டு, முறுக்கு மிஞ்சினால் ஜெட் நெளிந்து உடையாதா என்று கேட்டார். ஜெட் அக்கா அதற்கும் வார்டன் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். அடுத்த கேள்விகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு பதிலுக்கும் வார்டன் அம்மா தலையாட்டினார். கடைசியில் தேர்வாளரும் அவர் தலையாட்டுவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனார்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் சொன்னதும் எழுந்த கைதட்டலில் பக்கத்து வகுப்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. தேவி கல்கண்டை நெறியாளரின் வாயிலேயே போட்டாள்.

"உங்களுக்குப் புரிஞ்சிதாம்மா?" என்று வார்டன் அம்மாவைக் கேட்டேன்.

"ஒரு எழவும் புரியல. பேசுச்சு பாத்தியா? அது போதும்."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் வார்டன் அம்மா ஜெட் அக்காவை உட்கார வைத்தார். முழங்கால் வலிக்காரரான அவர், கசங்கிய முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.