முன்னாடி போன சக்கரம்

என் மாமனார் என்னுடைய ஜீப்பில் ஏறியது ஒரே ஒரு தடவைதான். அப்போது அவர் உயிரோடு இல்லை. அந்த ஒரு பயணத்தையும் நான் ஒழுங்காக முடித்துக் கொடுக்கவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள், அவள் தம்பி சொல்வான், அவர்கள் ஊரில் எனக்குப் பெயர் தெரியாதவர்கள்கூடச் சொல்வார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அந்தச் சக்கரம் இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாக ஓடுகிறது. போன பொங்கலுக்குக் கேட்டபோது அது ஓர் ஓடையைத் தாண்டியிருந்தது. எனவே நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஆலங்காயத்தில் அறிவியல் ஆசிரியர். என் மனைவி மல்லிகா ஜவ்வாது மலைக்காரி. ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவள். அவள் ஊருக்குத் தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் மண்பாதை. மாமனாருக்கு அங்கே சாமை விளையும் கொஞ்சம் நிலமும் நான்கைந்து புளியமரங்களும் இருந்தன. மனிதர் அதிகம் பேச மாட்டார். நான் பெண் கேட்டுப் போனபோது என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "செரி" என்றார். அவ்வளவுதான். அந்த 'செரி'க்கு என்ன அர்த்தம் என்று ஏழு வருஷம் யோசித்திருக்கிறேன். நல்ல அர்த்தம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த மண்பாதைக்காகத்தான் ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன். (இது நான் வெளியே சொன்ன காரணம். மலையில் பத்துப் பேர் பார்க்க இறங்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.) வழியில் மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க மாமா" என்பேன். அவர் மறுக்காமல் மறுப்பார்.

"நீங்க போங்க மாப்ள. நான் இப்டியே வந்துர்றேன்."

குறுக்கு வழியில் நடந்து எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார். அதுவும் எனக்கு ஓர் அவமானமாகவே பட்டது.

ஜீப்பாவது பார்க்க ஜீப்பாக இருக்கட்டும் என்று, மலையேறும் வண்டிகளின் வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்த்து, அகலமான டயர் நான்கு வாங்கிப் போட்டேன். முதல் வளைவிலேயே முன் டயர் உள்பக்கம் இருந்த ஸ்பிரிங் பட்டையில் உரசி, எருமை கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வண்டியை வாணியம்பாடியில் ரஃபீக் பாயின் டயர் கடைக்குக் கொண்டுபோனேன்.

பாய் குனிந்து பார்த்தார். "டயரு அகலம் சார். வெளிய தள்ளி நிக்கணும். அதுக்கு ரெண்டு வழி கீது. ஒன்னு, ரிம்ம மாத்தணும். சக்கரத்த வெளிய தள்ளி வச்ச மாதிரியே செஞ்ச ரிம்மு வரும், ரெண்டு வாரம் ஆவும். இன்னொன்னு ஸ்பேசர்."

ஸ்பேசர் என்பது கனமான ஓர் அலுமினியத் தட்டு. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதை வைத்துப் பூட்டினால் சக்கரம் இரண்டு அங்குலம் வெளியே வந்து நிற்கும். விலை ரிம்மில் கால்வாசி, வேலை அரை நாள். "ஸ்பேசரே போடுங்க பாய்" என்றேன்.

"டவுன்ல ஓட்றதுன்னா போட்டுத் தர்றேன். நீங்க மலைக்கில்ல போறீங்க? ஒரு குடம் தண்ணிய இடுப்போட ஒட்டி வச்சிக்கினா எவ்ளோ தூரம்னாலும் போலாம். அதையே கைய நீட்டிப் புடிச்சுப் பாருங்க. வெளிய தள்ளத் தள்ள பாரம் சாஸ்தி சார்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் பாடத்துக்கு நான் சொல்லும் உதாரணம் அச்சாக இதுதான், குடம் உட்பட. டயர் கடைக்காரர் என் பாடத்தை எனக்கே நடத்துவதா?

"எனக்குத் தெரியும் பாய். நான் சயின்ஸ் வாத்தியார்."

"அப்ப செரி" என்றார் பாய். (இந்த 'செரி'க்கு மட்டும் அர்த்தம் அப்போதே புரிந்தது.)

போட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதை மல்லிகாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார். வீல கழட்டி, உள்ள ஸ்பேசர் நட்ட இன்னொரு தபா முறுக்கணும். வெளிய பாத்தா தெரியாது. மறந்துறாதீங்க."

நான் மறக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். பரீட்சை வந்தது, விடைத்தாள் வந்தது. அதைவிட, பாயின் முகத்தைத் திரும்பவும் பார்க்க வேண்டுமே என்று இருந்தது. நூறு, முந்நூறாகி, ஆயிரத்தைத் தாண்டியது.

அந்த மழைக்காலத்தில் மாமனார் வேலூரில் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்து, ஒரு விடிகாலையில் இறந்துபோனார். மல்லிகா அழவில்லை. அப்பாவின் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். நான் ஆலங்காயத்தில் இறங்கி ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தார் ரோடு முடியும் இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குமேல் அது போகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே மூங்கில் பாடையோடு மாமனாரின் தம்பி வெள்ளையன் காத்திருந்தார். எனக்கு அவர் சின்ன மாமனார். மல்லிகாவின் தம்பி சங்கர், "டிராக்டர் சொல்லிக்கிறேன் மாமா, அரை மணியில வந்துரும்" என்றான்.

"டிராக்டர் எதுக்குடா? நம்ம வண்டி இருக்குதே" என்றேன்.

இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியத்தை யாராவது அழித்துவிட மாட்டார்களா என்று இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குடும்பத்துக்கு நான் தேவைப்படுகிறேன்.

பாடையை ஜீப்பின் பின்பக்கம் வைத்தோம், கால் முன்பக்கமாக. தலைமாட்டில் மல்லிகா, எதிரே சங்கர். எனக்கு இடப்பக்கம் வெள்ளையன் மாமா. நான்கு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனோம். பிறகு முன்னால் இடப்பக்கத்திலிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம்.

"இன்னாங்க சத்தம்?" என்றாள் மல்லிகா.

"கல்லு."

ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. "நிறுத்திப் பாக்கலாமா மாமா?" என்றான் சங்கர்.

"ஊரே வந்துருச்சுடா" என்றேன். ஊர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

அடுத்த இறக்கத்தில் வெள்ளையன் மாமா, வழியில் முயல் ஓடுவதைக் காட்டுகிறவர் மாதிரி நிதானமாகக் கையை நீட்டினார்.

"மாப்ள, முன்னாடி ஒரு சக்கரம் போவுது பாருங்க."

பார்த்தேன். ஆமாம், போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் முதல் எண்ணம், 'யார் வண்டியோடது? பாவம்' என்பதுதான். அடுத்த நொடி ஜீப்பின் இடது மூக்கு தரையில் குத்தி, மண்ணைக் கிழித்துக்கொண்டு, மலைப்பக்கம் இருந்த பள்ளத்தில் சாய்ந்து நின்றது. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அந்தப் பக்கம் வெறும் சரிவு. சக்கரம் அந்தப் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒரு வேலிகாத்தான் புதரைத் தாவிக் கீழே இறங்கியது. சத்தம் வெகுநேரம் கேட்டது.

நின்ற வேகத்தில் பாடை முன்னால் சறுக்கி வந்தது. இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் மாமனாரின் கால்கள் புகுந்து என் இடது விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டன. ஏழு வருஷமாக என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர்.

யாருக்கும் அடிபடவில்லை. (என் விலாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.) இறங்கிப் பார்த்தேன். ஸ்பேசரும் சக்கரத்தோடு சேர்ந்தே போயிருந்தது. அச்சில் போல்ட்டுகள் முறிந்து மொட்டை மொட்டையாக நின்றன. டவர் இல்லை. சங்கர் ஆள் கூட்டிவர ஊரைப் பார்த்து ஓடினான். தூறல் ஆரம்பித்தது. ஜீப்பின் மேல்துணி ஒழுகியது. வீடியோவில் பார்த்து அதையும் நானே தைத்திருந்தேன்.

மல்லிகா தன் முந்தானையை அப்பாவின் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நட்ட முறுக்கச் சொன்னாரே பாய். முறுக்குனீங்களா?"

"ம்."

"ம்னா?"

"முறுக்கல."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையில் தேங்கிய தண்ணீரை ஒருபக்கமாகச் சாய்த்து வடித்தாள். பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், "அப்பா ஏன் உங்க வண்டியில ஏறவே மாட்டார்னு தெரியுமா?" என்றாள்.

"என்னைப் புடிக்காது."

"கால்ல எப்பவும் சேறு. மாப்ள காசு போட்டு வாங்கின வண்டி, சீட்டு அழுக்காய்டும்னு சொல்வாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

வெள்ளையன் மாமா தலையாட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்க்கக்கூடிய தூரத்தில் அந்தக் கால்கள்தான் இருந்தன. ஆஸ்பத்திரியில் துடைத்து, சுத்தமாக, பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கால்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பன்னிரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவரும் ஜீப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பாடையைத் தோளில் தூக்கினார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். நான் அவர்களைவிட ஒரு சாண் உயரம், வழுக்கும் மண்ணில் நடக்கவும் தெரியாது. பாடை என் பக்கம் மட்டும் துள்ளியது. இருபது அடி போனதும் வெள்ளையன் மாமா மரியாதையாக என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, நீங்க கொடைய புடிங்க."

குடை பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்தேன். ஊர் எல்லையில் மேளக்காரர்கள் நனைந்துபோய் நின்றார்கள். தோல் ஈரமாகி மேளம் ஒழுங்காகப் பேசவில்லை. பொழுது சாயும் முன் அடக்கம் முடிந்தது. சக்கரத்தை மறுநாள் சங்கரும் நானும் தேடினோம். கிடைக்கவில்லை.

மறு வாரம் ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ரஃபீக் பாயின் கடைக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். பாய் முறிந்த போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார்போல. எனக்கு ஒரு டீ சொன்னார்.

"இன்னா சார், ரிம்மா?"

"ரிம்தான் பாய்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மல்லிகா என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு, பால், பிள்ளையின் ஃபீஸ். காரியத்தன்று பந்தியில் வெள்ளையன் மாமா பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரம் போனது, பாடை சறுக்கியது எல்லாம் சொல்லிவிட்டு, "எங்கண்ணன் சும்மா வுடல. வுட்டாரு பாரு மாப்ளைக்கு ஒன்னு, விலாவுல!" என்றார்.

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த மல்லிகா நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து, சிரித்து, பிறகு அப்படியே வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்பா செத்த அன்று அழாத அழுகை முழுவதையும் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது எங்கள் வீட்டில் மோட்டாரோ மிக்சியோ கெட்டுப்போய், வீடியோவைப் பார்த்து நானே சரிசெய்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்தால், மல்லிகா வாக்குவாதம் செய்வதில்லை. "அப்பாவக் கூப்டட்டா?" என்று மட்டும் கேட்பாள். என் மகளும் பழகிவிட்டாள். தாத்தா முகம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஆனாலும் அடுத்த அறையிலிருந்து, "தாத்தா வர்றாரு!" என்று குரல் கொடுக்கிறாள்.

என் கை தானாக விலாவுக்குப் போகிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வேலை தெரிந்த ஆளுக்கு போன் போடுகிறேன்.