எமன் வேடம் கட்டிய தலைவர்

பேரின்பநாதன் பால் வாங்கிக்கொண்டு தெப்பனூர் எனும் மூலைக்கடையை விட்டு வெளியே வருவதற்குள், சங்கத்தார் எல்லாரும் கைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார்கள். இந்த மனுசனை நம்பியா எங்கட ஆக்களைக் குடுத்து வைச்சிருக்கிறம்?

கேள்விக்கு மேலே ஒரு வீடியோ. தெரியாத எண்ணிலிருந்து உறுப்பினர் சுபாஸ்கரனுக்கு வந்ததை, அவன் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். முகத்தில் கறுப்புச் சாயம், கையில் பாசக்கயிறு, காலில் சதங்கை. எமனாக நின்று ஆடிக்கொண்டிருந்தவர் சங்கத்தின் தலைவர் சூசைப்பிள்ளை.

வேறு சங்கமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இது மறுவருகைச் சங்கம். விஞ்ஞானம் ஒருநாள் எழுப்பிவிடும் என்ற நம்பிக்கையில், இறந்தவர்களைத் திரவ நைதரசன் நிரப்பிய தாங்கிகளில் உறைய வைத்து, கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு கிடங்கில் காத்து வருகிறது.

செயலாளர் பேரின்பநாதனுக்கு அந்த நம்பிக்கை பெரிதாக இல்லை. மனைவி ஞானாம்பிகைக்கு இருந்தது. கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவள், இப்போது ஓரத்துத் தாங்கியில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் நைதரசன் ஊற்றாவிட்டால் அவள் உருகிவிடுவாள். சூசைப்பிள்ளை ஊற்றுகிறார். அவரைத் துரத்திவிட்டு யாரைத் தேடுவது என்று நினைக்கவே பேரின்பநாதனுக்குக் களைப்பாக இருந்தது.

முதலில் குழுவில் ஒரு விளக்கம் எழுதினார். அது சத்தியவான் சாவித்திரி கூத்து, அதில் எமன் போன உயிரைத் திருப்பிக் கொடுக்கிறான், ஆகவே நம் சங்கத்துக்குப் பொருத்தமான வேடம்தான் என்று. கர்க்லாண்டில் வீடு விற்கும் சுபாஸ்கரன் உடனே பதில் போட்டான். திருப்பிக் கொடுக்க முதல் எடுக்கிறவனும் அவன்தானே என்று கேட்டிருந்தான். அவனுடைய அப்பா நடுத்தாங்கியில் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பேரின்பநாதன் கூத்துப் பழகும் இடத்துக்கே போனார். தேவாலயத்தின் நிலவறையில், வியர்வை சொட்டச் சொட்ட ஆடிக்கொண்டிருந்தார் சூசைப்பிள்ளை. வேடத்தை விடச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“மட்டக்களப்பில சின்ன வயசில இருந்து ஆடுறன். என்ட வேலையில பிழை இருந்தாச் சொல்லுங்க. என்ட ஆட்டத்தில உங்களுக்கு என்ன?”

நியாயமான கேள்வி. பேரின்பநாதன், எமனை விட்டு வேறு ஏதாவது வேடம் கட்டும்படி கெஞ்சினார். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் இரங்கி, சத்தியவான் வேடத்தைக் கொடுத்தார். அரங்கேற்றத்தில் சூசைப்பிள்ளை செத்து விழுந்த அழகைப் பார்த்துச் சபை எழுந்து கைதட்டியது. மாலை போட்டுக் கிடந்த அவருடைய படம் அன்றே குழுவுக்கு வந்தது. தலைவரே போய்விட்டார், இனி ஆர் ஊத்துறது என்று சுபாஸ்கரன் கேட்டான். இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களை வெளியே எடுத்து எரிக்கப்போவதாக எழுதின.

வேறு வழியில்லாமல் கிடங்கிலேயே கூட்டம் வைத்தார்கள். சூசைப்பிள்ளையின் மனைவி றோசலின் வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். எந்தத் திங்கட்கிழமை ஞானாம்பிகையைப் பார்க்க வந்தாலும், அவள் கம்பளிக் கையுறையைக் கழற்றாமல்தான் தேத்தண்ணி தருவாள். வாதமாக்கும் என்று பேரின்பநாதன் நினைத்துக்கொள்வார்.

சுபாஸ்கரன் நெடுநேரம் பேசினான். அதன்பின் பேரின்பநாதன் எழுந்தார். அவருக்குப் பேச்சு வராது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஞானாம்பிகை இருந்தாள்.

“அந்தாள் எமனா ஆடட்டும், என்னவா எண்டாலும் ஆடட்டும். இவ்வளவு வருசத்தில ஒரு ஞாயிறாவது தாங்கி குறைஞ்சிருக்கோ? வேலையைப் பாருங்கோ. என்ர மனுசி இன்னும் குளிரா இருக்கிறாள். எனக்கு அது காணும்.”

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் தொடரட்டும் என்று முதலில் கையைத் தூக்கியது சுபாஸ்கரன்தான். மற்றக் கைகளும் எழுந்தன. சூசைப்பிள்ளை பேரின்பநாதனைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, சதங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை.

எல்லாரும் போய்விட்டார்கள். இத்தனை நாளைக்குப் பிறகு மனம் லேசாகி, பேரின்பநாதன் கதிரைகளை அடுக்கினார். றோசலின் கோப்பைகளை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த நைதரசன் குழாயை இழுத்து வந்து ஓரத்துத் தாங்கியில் பொருத்தினாள். குழாய் பிடிக்கக் கையுறை தடித்திருந்ததால் அதைக் கழற்றினாள். விரல்களெல்லாம் குளிர் சுட்ட தழும்பு.

“ஞாயிறு எல்லாம் அவருக்குக் கூத்து, எனக்கு இந்தக் குழாய்,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “அவரை நிப்பாட்டினா நானும் வீட்டில இருக்கலாம் எண்டுதான், அண்ணன், அந்த வீடியோவை அனுப்பினன்.”