உன் இஷ்டம்தான், டீச்சரம்மா

“உன் இஷ்டம்” என்று கணவர் மறுபடியும் சொன்னார். அவள் ஈரத் துண்டை உதறிய வேகத்தில் அவர் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

அவள் மழலையர் பள்ளி டீச்சர். வகுப்பில் ஒரு வாண்டு, “மிஸ், எல்லாத்தையும் கத்துக்கிட்டப்புறம் என்ன பண்ணணும்?” என்று கேட்டுவிட்டது. வாண்டு விளையாடப் போய்விட்டது, கேள்வி போகவில்லை. விளைவு, கல்வித் தத்துவத்தில் முதுகலைக்கு விண்ணப்பம். இரண்டு இடங்களில் சீட்டு கிடைத்ததுதான் தொல்லை.

உள்ளூர்க் கல்லூரி என்றால் சாயங்காலம் வீடு திரும்பலாம். ஆனால் அங்கே தத்துவத்தையும் மனப்பாடம்தான் செய்யவேண்டும். தொலைதூரப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் கேள்விகளுக்கென்றே தனிப் பாடம் இருந்தது; கூடவே, இரண்டு வருட விடுதி வாசமும். நாளைக்குள் சேர்ந்தாக வேண்டும்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஓட்டுகிறவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினை.

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? ஏதாவது சொல்லுங்களேன்!”

“தூரத்துல இருக்கறது நல்ல இடம்னாங்க...”

“ஓஹோ! நான் தொலைஞ்சா நிம்மதின்னு இருக்கீங்க!”

“ஐயையோ. அப்ப இங்கேயே படியேன்.”

“துவைக்க, சமைக்க ஆள் வேணும். அதானே?”

கணவர் வாயை மூடிக்கொண்டார்.

“பாரு, உம்முனு இருக்கறத!”

பேச்சு எடுபடாததால் செயலில் இறங்கினார். “நான் தனியா சமாளிச்சுக்குவேன், பாரு” என்று துவைக்கப் போனார். அவளுடைய வெள்ளைப் புடவைகளோடு தன் சிவப்பு பனியனையும் ஊறவைத்தார். புடவைகள் நாணிச் சிவந்தன. அந்தத் துக்கத்தை ஆற்றச் சமையலறைக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்தார்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“ரெண்டு வருஷமா? நீ திரும்பி வர்றப்ப வீடே இருக்காதுடி. மாப்பிள்ளை இருந்தா அதிர்ஷ்டம்!”

சோபாவில், கரி அப்பிய முகத்தோடு கணவர் தூங்கிப்போயிருந்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த மனுஷனை எப்படித் தனியே விட்டுப் போவது? குழந்தைகளின் கேள்விகள் காத்திருக்கட்டும். அவை காத்திருந்து பழகியவை.

மறுநாள் காலை, அவரிடம் சொல்லாமல் உள்ளூர்க் கல்லூரிக்குப் போனாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்த இரும்பு கேட்டைக் காவலாளி கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கல்வித் தத்துவம் சேரணும். ஆபீஸ் எந்தப் பக்கம்?”

காவலாளி அவசரமாக எழுந்து, இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

“டீச்சரம்மா நீங்கதானா? ‘அவ மனசு பூரா அந்தத் தூரத்துக் காலேஜ்லதான் இருக்கு, எனக்காகத்தான் இங்க சேர வருவா, தயவுபண்ணி உள்ள விட்டுடாதீங்கண்ணே’ன்னு ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் வாரம் பூரா வந்து கெஞ்சறாரும்மா, அதுவும் சும்மா வராம, தினம் ஒரு கத்துக்குட்டிய ஓட்டவிட்டுல்ல வர்றாரு!”